ஒன்பதாவது படத்தில் நாய்

மார்ச் 3

லைப்ரரியம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்படித்தான் இருப்பாய், திட்ட ஆளில்லாமல்.

உளவாளிப் பட ரசிகர் சங்கத்திலிருந்து ஆளுக்கொரு பெட்டி இங்கேயே வந்தது; உன்னுடையதை லைப்ரரிக்கு அனுப்பியிருக்கிறேன். நாம் பிரிந்து நான்கு வருடமான சேதி சங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. பழைய பட்டியலைப் பார்த்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் நடுவராகப் போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் போட்டிக்கு அனுப்பிய ஆறு படப்புத்தகங்கள். எது சிறந்தது என்று நாம் ஒன்றாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்த வயதில் இது வேறு.

உளவாளி வரிசையில் பதினேழு படங்கள், நாற்பது வருடம். ஒரு படத்தையாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதக் கூடாதா? முதல் புத்தகத்தில் உளவாளியின் கறுப்புக் கார் பச்சையாம். இரண்டாவதில் வில்லனுக்குக் கண்பட்டை இடப்பக்கம்; புண்ணியவான் படத்தையே திருப்பி அச்சடித்திருக்கிறான். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? தப்பு உள்ள பக்கத்திலெல்லாம் சீட்டு எழுதிச் செருகிவிட்டேன். சங்கத்து விதிப்படி சீட்டுகளோடுதான் புத்தகம் எழுதியவருக்குத் திரும்பும்.

ஐந்தாவதுதான் கொடுமை. புகைப்படமே இல்லை, எல்லாம் கையால் வரைந்தது. நாற்பத்தொரு சீட்டு. ஒன்பதாவது படத்தில் உளவாளி கப்பலிலிருந்து ஒரு நாயை அணைத்துக்கொண்டு குதிக்கிறானாம். அந்தப் படத்தில் நாயே கிடையாது. எழுதியவர் பெயர்மேல் சங்கம் கறுப்புத்தாள் ஒட்டியது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் வீடு தேடிப் போய்க் கேட்டிருப்பேன். பத்துக்கு ஒன்று.

பெட்டியை நாளை சங்கத்துக்கே திருப்பி அனுப்புகிறேன்.

மூக்குக்கண்ணாடி

மார்ச் 9

மூக்குக்கண்ணாடிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம் உளவாளி. பெற்ற மகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஐந்தாவது புத்தகத்தை நான் பாதிதான் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒன்பது மதிப்பெண் போட்டாயிற்று. லைப்ரரிக்குத் தினமும் வரும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மேஜையில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் நகரவில்லை. "இந்தப் படமெல்லாம் நான் பாத்ததே இல்லம்மா, ஆனா பாத்த மாதிரி இருக்கு" என்றார். படப்புத்தகம் என்றால் அதுதானே? உங்களுக்குக் கார் நிறம் சரியாக இருந்தால் போதும்.

நம் மகள் வாண்டு வேலை மாற்றி, வீடும் மாற்றிவிட்டாள். உங்களிடம் சொல்ல மாட்டாள். ஆசையாக அப்பாவுக்கு எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினால் எந்தப் பெண் மறுபடி எழுதுவாள்?

பட்டியலில் மட்டும் உங்கள் வீட்டில் இருப்பவள்

மார்ச் 14

லைப்ரரியம்மாவுக்கு,

ஒன்பதா? பன்னிரண்டாவது படத்தில் பாலம் உடைகிறதே, அதற்கு முன்னால் லாரி டிரைவர் இறங்கி வீட்டுக்கு நடந்து போவதாக வரைந்திருக்கிறது உன் புத்தகம். அந்த ஆள் செத்துப்போனவர். சாவு கூடவா தெரியாது? நான் இறங்கி வர மாட்டேன். நீ வேண்டுமானால் தனியாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்.

வாண்டுவின் கடிதத்தில் பதினோரு பிழை இருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டால்தான் பாசமா? எனக்கு வேறு எப்படிப் பாசம் காட்டுவது என்று யாராவது சொல்லித் தந்தீர்களா? இரண்டு வருடமாகத் தபால்காரர் போகும்வரை வாசலில் நிற்கிறேன். அவள் கையெழுத்தைப் பார்க்க எனக்கும் ஆசையிருக்காதா?

மூக்குக்கண்ணாடி

மார்ச் 19

மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் விரைவுத் தபால். உட்கார்ந்து படியுங்கள்.

நேற்றுத்தான் ஒன்பதாவது படத்துக்கு வந்தேன். நாயைப் பார்த்தேன்.

நினைவிருக்கிறதா? துப்பாக்கி வரும் என்று வாண்டுவை ஒரு உளவாளிப் படத்துக்கும் நாம் கூட்டிப்போகவில்லை. காலையில் அவள் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே நீங்கள்தான் கதை சொல்வீர்கள். வலது ஷூவுக்கு இடைவேளை, இடது ஷூவுக்கு முடிவு. கப்பல் மூழ்கியபோது, "அதுல நாய் இருந்துச்சாப்பா?" என்று கேட்டு ஷூவுக்குள் காலை விட மாட்டேன் என்று நின்றாள். பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. "இருந்துச்சு, தூக்கிட்டுத்தான் குதிச்சான்" என்றீர்கள். பாலத்து டிரைவரை இறக்கிவிட்டதும் நீங்களேதான், அவள் அழுதாள் என்று.

கறுப்புத்தாளை நான் பிரிக்கவில்லை. அவசியமில்லை. இப்படி ஒரு புத்தகம் போட்டதை என்னிடமும் சொல்லவில்லை, கள்ளி. நாற்பத்தொரு தப்பும் உங்கள் தப்பு. அப்படியே வரி பிசகாமல் வைத்திருக்கிறாள்.

எப்படியாவது அந்தப் பெட்டியை நிறுத்துங்கள்.

மார்ச் 23

லைப்ரரியம்மாவுக்கு,

சங்கத்துக்கு நேரில் ஓடினேன். செயலாளர் பெருமையாகச் சொன்னார்: "போன வாரமே அனுப்பியாச்சு சார். உங்க சீட்டு ஒண்ணுகூட விழாம ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினோம்." இந்த உலகத்தில் என் வேலையில் மட்டும்தான் எல்லோரும் அக்கறையாக இருக்கிறார்கள்.

நடுவர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரையும் எடுக்கச் சொன்னேன். பெற்றவர்கள் மார்க் போடக் கூடாது. அவளுக்குப் பரிசு வந்தால் வேறு யாராவது பார்த்துக் கொடுக்கட்டும்.

வீட்டுக்கு வந்து ஒன்பதாவது படத்தைப் போட்டேன். கப்பல் காட்சி. உளவாளி வெறுங்கையோடு குதிக்கிறான். இருபது தடவை பார்த்திருப்பேன், இன்றைக்குத்தான் அது தப்பாகத் தெரிந்தது. ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படுகிறது, நான் சொன்ன கதை எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்மேலேயே எரிச்சலாக வருகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அவள் புது விலாசம் கேட்கவில்லை. அதை அவள்தான் தர வேண்டும். இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது. அவள் கையில் கொடுத்துவிடு. இப்படி எழுதியிருக்கிறேன்:

"பக்கம் 112. நாய் இருந்தது. நான் பார்த்தேன். அப்பா."

இதில் பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்பச் சொல். சிவப்பு மையாக இருந்தாலும் பரவாயில்லை.

மூக்குக்கண்ணாடி