ராகு காலத்தில் பூட்டிய இடது பக்கம்

அன்புள்ள அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதியபின் ஐந்து நிமிடம் பேனையைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். வெட்டவில்லை, கிடக்கட்டும். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாக வருமே, அதில் மைத்துனர் புலம்பலுக்கு அக்கா எனக்கு இடம் ஒதுக்கித் தந்திருக்கிறாள். மலரைத் தொகுப்பவர் நல்ல மனிதர். நான்கு வெண்பா ஆயத்தமாக இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும் என்றார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன்.

புலம்ப எனக்கு வரவில்லை, அத்தான். கோபம்தான் வருகிறது. போன சனிக்கிழமை வரை அது பாதி ஆறித்தான் இருந்தது. செத்த மனிதரோடு என்ன கோபம் என்று நானே என்னைத் தேற்றி வைத்திருந்தேன். பிறகு உங்கள் யூட்டுக்கு, அந்தப் பழைய பின்பெட்டி வண்டிக்கு, கீழே படுத்தேன். படுக்காமல் விட்டிருக்கலாம்.

மலரை வாசிப்பவர்களுக்கும் விளங்க வேண்டுமே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படகில் வந்தவன். கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் கிடந்து, விசா கிடைத்துச் சிட்னியில் இறங்கியபோது, விமான நிலையத்தில் கையில் ஒரு தடித்த ஜாக்கெட்டோடு நின்றது நீங்கள்தான். உங்கள் வீட்டில் அறை தந்தீர்கள். அக்கா சோறு போட்டாள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் இந்தக் கோபம் இவ்வளவு நோகாது.

சுன்னாகத்தில் எட்டு வருடம் கராஜில் நின்றவன் நான். படகில் வந்தவனிடம் வேறு என்ன இருக்கும்? இந்தக் கை இரண்டும்தான். வந்த புதிதில் ஞாயிறுகளில் உங்கள் வீட்டு முற்றத்துக்கு மூன்று நான்கு வாகனங்கள் வரும். பிரேக், ஒயில், பெல்ட் என்று சின்னச் சின்ன வேலைகள். என் மச்சான் கை வைத்தால் வாகனம் சத்தம் போடாது என்று நீங்களே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். மெக்கானிக் சான்றிதழுக்குப் படிக்க வேண்டும் என்று படிவம் எடுத்து வந்து தந்ததும் நீங்கள்தான்.

அப்போதுதான் உங்கள் பழைய யூட்டின் முன்பக்கம் கடகடக்கத் தொடங்கியது. சில்லைத் தாங்குகிற இரும்புக் கையின் அடியில் ரப்பர் புஷ் இருக்கும். இருபது வருடப் பழசு, தேய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு ஞாயிறு காலை ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, வலது பக்கம் நீங்கள், இடது பக்கம் நான் என்று பிரித்துக்கொண்டோம். பழைய ரப்பரைத் தள்ளி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. புதியதை உள்ளே தள்ள நீங்கள் கிறீஸ் எடுத்து வந்தீர்கள். ரப்பருக்குக் கிறீஸ் ஆகாது, சவர்க்காரத் தண்ணீர் போதும் என்றேன். சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அன்று நன்றாகத்தான் இருந்தோம், இல்லையா?

இந்த வேலையில் ஒரே ஒரு விஷயம் முக்கியம். சில்லு அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. வாகனத்தை நிலத்தில் இறக்கி, அதன் பாரம் சில்லில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இதை அன்றைக்கு இரண்டு தரம் சொன்னேன். ஆனால் நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். குசினிச் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்து நாட்காட்டியைக் காட்டி, நாலரைக்குப் பிறகு ஒரு நட்டிலும் கை வைக்கக் கூடாது என்றீர்கள். யாழ்ப்பாணத்து ராகுவுக்குச் சிட்னி நேரம் எப்படித் தெரியும் என்று நான் பகிடி விட்டேன். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

நாலே கால் மணிக்கு யூட் இன்னும் ஸ்டாண்டில் நிற்க, நீங்கள் வலது பக்கத்தை முழு மூச்சாக இறுக்கி முடித்தீர்கள். நான் உங்கள் நாலரைக் கணக்கைக் கேட்கவில்லை. கீழே இறக்கிய பிறகுதான் இடது பக்கத்தை இறுக்கினேன். அப்போது மணி ஐந்து, நல்ல ராகு காலம். கராஜ் பழக்கத்தில் நட்டின் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடும் போட்டேன். வலது பக்கத்தையும் தளர்த்தித் திரும்ப இறுக்குவோம் என்றதற்கு, நாளைக்கு நானே செய்கிறேன் என்றீர்கள். மறுநாள் கேட்டேன். செய்தாயிற்று என்றீர்கள்.

நான் நம்பினேன், அத்தான். மூத்தவர் சொன்னால் நம்புவதுதானே.

ஆறு மாதம் போகவில்லை, சத்தம் திரும்ப வந்துவிட்டது. நான் கீழே படுத்துப் பார்க்க வந்தேன். தொடாதே என்று மறித்தீர்கள். இடது பக்கம்தான், ராகு காலத்தில் பூட்டியது, வேறு என்ன ஆகும் என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். ஓட்டுநர் இருக்கும் பக்கம் வலது. அந்தச் சத்தம் உங்கள் காலுக்குக் கீழேதான் கேட்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே இடது என்று எப்படிச் சொன்னீர்கள்?

வீட்டுக்குள் சொன்னதோடு விட்டிருந்தால் நான் பொறுத்திருப்பேன். உங்கள் மகள் தாரணி பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்தியவீடு வந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான். நானே தண்ணீர் வார்த்தேன், நானே தேங்காய் உடைத்தேன். ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தபோது, கோயிலில் பழக்கமான ஒரு அங்கிள் தன் வான் வண்டியின் பிரேக்கைப் பார்த்துத் தரமுடியுமா என்று என்னைக் கேட்டார். பதில் சொன்னது நீங்கள்.

"அவனட்டைக் குடுத்துப் போடாதேங்கோ. அவனுக்குக் கைராசி இல்லை. ராகு காலத்தில பூட்டி என்ர யூட்டையே கெடுத்தவன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் உங்கள் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்ததும் இதே கைதான். அதற்கு மட்டும் ராசி இருந்ததா? கேட்டிருக்க வேண்டும். நான் சாப்பிடாமல் எழும்பிப் போனேன், அந்தக் கிழமையே பிளாக்டவுனில் ஒரு அறைக்கு மாறினேன்.

கைராசி இல்லாதவன் என்று ஒருவனுக்குப் பெயர் வைத்தால் போதும், வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கெட்டிக்காரன் இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை செய்து காட்டியிருப்பேன். ராசிக்கு எதைக் காட்டுவது? ஞாயிறுகளில் ஒரு வாகனமும் வரவில்லை. கோயில் வாசலில் என்னைக் கண்டால் பொனற்றைத் திறந்து வைத்திருந்தவர்களும் மூடினார்கள். கோழி ஆலையில் வேலைக்குப் போனேன். கடைசியில் நானே அதை நம்பத் தொடங்கினேன், அத்தான். இடது பக்கத்தில் எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று யோசித்து யோசித்து, அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன். இதுதான் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியவேண்டும்.

இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு ஒரு காலை வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், அவ்வளவுதான். சுடலையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அழுகிறேனா என்று. அழுதேன்.

இப்போது புதுச் செய்தி. அக்கா வயோதிபர் விடுதியில் விடிகாலை வேலை எடுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் பஸ் இல்லை; யூட்தான் கால். அதன் பதிவு இந்த மாதம் முடிகிறது. வருடாந்தப் பரிசோதனையில் பிங்க் சிலிப் என்கிற தகுதிச் சான்று கிடைத்தால்தான் புதுப்பிக்கலாம். முன்பக்கச் சத்தத்தோடு அது கிடைக்காது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் கேட்ட முதல் உதவி இது. சனிக்கிழமை காலையில் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் இடது பக்கம்தான் பார்த்தேன். ரப்பர் ஒரு வெடிப்பில்லாமல் இருந்தது. நட்டில் நான் போட்ட வெள்ளைக் கோடு சேறு பிடித்துப் போயும் விலகாமல் இருந்தது. ஒருவரும் தொடவில்லை. பிறகு வலது பக்கம் போனேன். ரப்பர் சுற்றிவரக் கிழிந்து துண்டு துண்டாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முறுகிக் கிழிந்த கிழிசல். பக்கத்தில் நீங்கள் நின்றிருந்தால் உங்கள் காதைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன்.

கத்தி அக்காவைக் கூப்பிட்டேன். தேத்தண்ணியோடு வந்தவள் குனிந்து கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "வலப்பக்கம்தான். போன வருசம் பிங்க் சிலிப்புக்குக் கொண்டு போகேக்க மெக்கானிக் சொன்னவன், அடுத்த முறை விடமாட்டன் எண்டு. அத்தான் வந்து குசினிக்க நிண்டு எனக்குச் சொன்னவர். தான்தான் அண்டைக்குத் திரும்ப இறுக்கேல்லை எண்டும் சொன்னவர்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்ல வேண்டாம் எண்டவர். இனி எந்த முகத்தோட அவனுக்கு முன்னால போய் நிக்கிறது எண்டு கேட்டவர்."

ஒரு வருடம், அத்தான். ஒரு வருடம் தெரிந்துகொண்டு இருந்தீர்கள். உங்களுக்கு முகம் ஒன்று வேண்டியிருந்தது, சரி. எனக்கு? கோயிலில் என்னைக் கண்டு மறுபக்கம் திரும்பியதெல்லாம் கோபத்தில் என்றுதான் நினைத்தேன். அது வெட்கமா? வெட்கம் என்று தெரிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டுமாம், அக்கா சொல்கிறாள். இல்லை. கோபக்காரனை மன்னிக்கலாம். உண்மை தெரிந்தபின்னும் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்க விட்டுவிட்டுச் சும்மா இருந்தவரை என்ன செய்வது? தொலைபேசி இருந்ததே. அதில் முகம் தெரியாதே.

அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றும் யோசித்தேன். பிறகு வலது பக்கத்தைக் கழற்றினேன். உங்கள் கிழிந்த ரப்பரை வைஸ் இடுக்கியில் பூட்டித் தள்ளி எடுத்து, புதியதைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து உள்ளே விட்டேன். நிலத்தில் இறக்கி, பின்பெட்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றி, நான்கு பக்கமும் குலுக்கி நிறுத்திவிட்டுத்தான் இறுக்கினேன். நாட்காட்டியைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அக்கா கொண்டுபோனாள். பாஸ்.

இந்தக் கடிதத்தை நேற்று அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் வீட்டில் எல்லாரும் கையில் வைத்திருக்கப் போகிற மலர். வேண்டாம் என்றால் அந்த நான்கு வெண்பாவையே போட்டுவிடலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். குசினிக் கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அப்பிடியே போடு. ஆனா ஒண்டு விட்டிட்டாய். நானும்தான் மறைச்சனான். அதையும் எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். அக்காவும் மறைத்தாள். கூடவே இன்னொன்றையும் எழுதுகிறேன்: அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரும் இதை வாசிக்க வேண்டும். என் கையில் பிழை இல்லை.

இனி வாக்கு. அக்காவின் யூட் என் கையை விட்டு வேறு கைக்குப் போகாது. புதுப் படிவம் எடுத்துவிட்டேன், பாதி நிரப்பியும் விட்டேன். மிச்சத்தை இந்தக் கிழமை நிரப்புவேன். தாரணிக்கு ஒரு நல்லது நடக்கும்போது மாமனாக முன்னால் நிற்பேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். அது நீங்கள் வந்து கேட்டு வாங்கியிருக்க வேண்டியது. உங்கள் வீட்டிலிருந்து என் அறைக்கு இருபது நிமிட ஓட்டம். எந்த முகத்தோடு வந்திருந்தாலும் நான் கதவைத் திறந்திருப்பேன், அத்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்திருப்பேன்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் ஒரே மச்சான்,
சீலன்