இடது பக்கம் அரை இஞ்ச்

திங்கள், மதியம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். அதனால் அந்த வரியைத் தாண்டி நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது, இப்போது யாரையும் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறார் என்று உன் தம்பி சொன்னான். கேட்கச் சந்தோஷம். யாரையும் பிடிக்காமலே என்பதை நான் சும்மாதான் எழுதினேன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ 'ம்' என்கிறாய், நான் 'சரி' என்கிறேன், இருவரும் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நீ நடுவில் 'ம்' போட முடியாது. நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வைக்க முடியாது.

கடை நடக்கிறது. நான் வெட்டுகிறேன், உன் தம்பி தைக்கிறான். காவலாளிகளுக்குச் சீருடைச் சட்டை, பன்னிரண்டு, அதுவும் கோடு போட்ட துணி. கோட்டுத் துணி என்றால் என்ன பாடு என்று உனக்கே தெரியும். வழக்கம்போல இரண்டாக மடித்து வெட்டினால் கோடு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி ஓடிவிடும். இடது தனி, வலது தனி என்று விரித்து விரித்து வெட்ட வேண்டியிருக்கிறது. அளவெடுக்கப் போன இடத்தில் ஒரு பெரியவர், என்ன மாஸ்டர் நெளிஞ்சுக்கிட்டே இருக்கீங்க என்று கேட்டார். சட்டைக்குள்ள எறும்பு என்றேன். நல்ல மனிதர், தட்டிவிடுகிறேன் என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் பின்னால் பாய்ந்த வேகத்தில் அவர் கழுத்தில் போட்டிருந்த டேப்பும் என்னோடு வந்துவிட்டது. மனுஷனுக்கு மூச்சு முட்டிவிட்டது. அவருக்கு மட்டும் காலரைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறேன்.

அக்கி வந்து ஐந்து மாதம் ஆகிறது. கொப்புளம் இருந்தபோது பார்க்கிறவர்கள் எல்லாம் 'ஐயோ' என்றார்கள். இப்போது கறுப்பாகக் கொஞ்சம் தழும்பு, அவ்வளவுதான், அதனால் 'அதான் ஆறிடுச்சே' என்கிறார்கள். முதுகெலும்பில் ஆரம்பித்து இடது விலாவைச் சுற்றி மார்புக்குக் கீழே வரை ஒரு கை அகலத்துக்கு ஒரு பட்டை. அதற்குள் நடக்கிறதை நான் யாருக்குத் திறந்து காட்டுவது? ஒரு நேரம் எரிகிறது. ஒரு நேரம் சுரீர் என்று இழுக்கிறது. இரண்டும் ஓய்ந்த நேரத்தில் அரிப்பு. வலியையாவது பல்லைக் கடித்துப் பொறுக்கலாம், அரிப்புக்கு எதைக் கடிப்பது? சொறிந்தால் அது உள்ளே தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. சொறிகிற தோலோ மரத்துக் கிடக்கிறது. போன வாரம் பனியனில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கீறிக்கொண்டதே தெரிந்தது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், திட்டாதே.

மேலே உள்ள வரிக்கும் இந்த வரிக்கும் நடுவில் எழுந்துபோய் வீட்டை ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். ஓர் இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் போக வேண்டும் போலிருக்கிறது, எங்கே என்று தெரிவதில்லை. ஈரத்துணியைப் போட்டால் பத்து நிமிஷம் அடங்கும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இந்தக் கடிதம் ஓடுகிறது.

இன்னொரு கூத்தையும் கேள். முப்பது வருஷமாக ஊருக்கே சட்டை வெட்டுகிறவனுக்கு ஒரு சட்டை போட முடியவில்லை. தையல் உரசுகிறதே என்று பனியனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. இடது பக்கத்தில் ஒரு ஜன்னலே வெட்டிவிட்டேன். உன் தம்பி பார்த்துவிட்டு, காத்தோட்டமா இருக்கா மாமா என்று விசாரித்தான்.

மாத்திரையெல்லாம் வேளாவேளைக்குப் போடுகிறேன். வெளியே இருந்த சர்க்கரை தீர்ந்துவிட்டது, மீதி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எழுது. இரண்டு நாளாக உப்புப் போட்டு டீ குடிக்கிறேன். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, அக்காவுக்குத் துணையாக இருப்பதில் எனக்கென்ன வருத்தம். அன்றைக்குக் கத்தியதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டிருக்காதே. வலியில் ஏதோ வாய்க்கு வந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


ஞாயிறு, காலை

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் பதில் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தது. மூன்று வரி. அக்காவுக்குப் பரவாயில்லை, சர்க்கரை நீல மூடி டப்பாவில், வருவதைப் பற்றிப் பார்க்கலாம். சர்க்கரை கிடைத்துவிட்டது. அந்தப் 'பார்க்கலாம்'தான் நாலு நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

போன கடிதத்தில் இரண்டு பொய் எழுதியிருந்தேன். சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைப் பாதிதான் போட்டுக்கொண்டிருந்தேன். முழுசாகப் போட்டால் காலையில் தலை கிறுகிறுக்கிறது, கத்தரி பிடிக்கிற கையை நம்ப முடியவில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. பெரிய பொய்க்கு வருகிறேன். அதற்கு முன்னால் சட்டைக்கு என்ன ஆயிற்று என்று கேள், ஏனென்றால் எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

பன்னிரண்டு சட்டையும் திரும்பி வந்துவிட்டது. என் வாழ்நாளில் ஒரு சட்டை திரும்பி வந்தாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. உன் தம்பி வெட்டு மேஜையில் எல்லாவற்றையும் வரிசையாக விரித்தான். ஒவ்வொன்றாக டேப் வைத்தான். பன்னிரண்டிலும் இடது விலாப் பக்கம் அரை இஞ்ச் கூடுதல். அளவு நோட்டில் எல்லாம் சரி. தையலும் சரி. என் வெட்டுதான் தப்பு. அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, மாமா, பன்னெண்டு பேருக்குமா இடது பக்கம் வலிக்குது என்று கேட்டான்.

அவன்மேல் எரிந்து விழுந்தேன். வாடகை தராத குடித்தனக்காரனை விரட்டுகிற மாதிரி விரட்டினேன். அவன் டீ குடிக்கப் போனதும், ஒரு கோட்டுத் துணியை விரித்து மறுபடி கோடு போடும் சாக்கட்டியை ஓட்டிப் பார்த்தேன். தோள் சரியாக வந்தது. அக்குள் சரியாக வந்தது. இடது விலாவுக்கு வந்ததும் கை தானாக ஒதுங்கிப் போகிறது. இங்கே ஒட்டக் கூடாது, இங்கே உரசக் கூடாது என்று அதற்குள் ஒரு தீர்மானம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகிறது! இத்தனை மாதமும் மடித்து வெட்டிய சட்டைகளில் இரண்டு பக்கமும் சேர்ந்து பெருத்திருக்கும். போட்டவர்கள் எல்லாம் தாங்கள் இளைத்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கோட்டுத் துணிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தோம். ஐந்தாவது சட்டையோ ஆறாவது சட்டையோ, உன் தம்பி தலையை நிமிர்த்தாமலே பேசினான். சின்னக்கா கிளம்புறப்போ எங்கிட்ட ஒண்ணு சொல்லிச்சு மாமா என்றான். நான் தொட்டாலே அவருக்கு அருவருப்பா இருக்குடா, அப்புறம் நான் எதுக்கு அந்த வீட்டுல என்று நீ சொன்னாயாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், இந்தச் சட்டையப் பாத்தப்புறம் சொல்லத் தோணுச்சு என்றான்.

பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். அருவருப்பு. அந்த வார்த்தையை நீ எவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்தாய்?

அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் சட்டை இல்லாமல் கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். நீ பின்னாலிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் விரல் நுனியை வைத்தாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். 'தொடாதே' என்று பக்கத்து வீடு வரை கேட்கக் கத்தினேன். உன் கை அலமாரி விளிம்பில் இடித்தது. நீ கையைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே உன் தலையணை கூடத்துக்குப் போய்விட்டது. அதை நான் திரும்ப எடுத்துவரவில்லை.

வலியில் வாய்க்கு வந்தது என்று எழுதினேனே, அதுதான் பெரிய பொய். கத்தியது வலியில்தான். தலையணையை எடுத்துவராமல் இருந்தது வலியில் இல்லை, பயத்தில். என் உடம்பில் ஒரு பக்கம் என் பேச்சையே கேட்பதில்லை, யார் கிட்டே வந்தாலும் இதோ படப்போகிறது, இதோ உரசப்போகிறது என்றே மனம் பறக்கிறது. நீ தள்ளியிருந்தால் கொஞ்சம் நிம்மதி என்று இருந்தது எனக்கு. அக்காவுக்குக் கால் உடைந்த செய்தி வந்து நீ பெட்டியைக் கட்டியபோது, மேலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. வீட்டில் யாருமே என்னைத் தொட்டுவிடும் அபாயம் இல்லை என்றானதும், சின்னவளே, எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். பாதி மாத்திரைக் கதையைச் சொன்னதும், நான் வந்து உங்க கடையில துணி வெட்டுறேனா என்று கேட்டார். அளவை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற மாதிரி எழுதித் தந்திருக்கிறார், முன்பு போலக் கிறுகிறுப்பு இல்லை. பிறகு அந்த இடத்தைச் சோதித்தார். ஒரு பஞ்சை எடுத்து லேசாக வருடினார். நாற்காலியோடு எழுந்துவிட்டேன். அடுத்தது உள்ளங்கையை முழுசாகப் பதித்து நன்றாக அழுத்தினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், தாங்க முடிந்தது. அந்த அரிப்புகூடக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டது. சிலருக்கு இப்படித்தான் என்றார். சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புக்குள்ள ஒளிஞ்சிருந்து இப்ப நரம்பையே கெடுத்திருக்கு, கெட்ட நரம்பு சேதியைத் தப்பாச் சொல்லுது, லேசாப் பட்டா நெருப்புங்குது, அழுத்திப் பிடிச்சா பொறுத்துக்குது என்றார்.

இப்போது சொல், நீ செய்த தப்பு என்ன? எனக்கு வலித்துவிடக் கூடாதே என்று லேசாகத் தொட்டாய். அவ்வளவுதான்.

கடைக்கு வந்ததும் உன் தம்பியைக் கூப்பிட்டு, இங்கே கையை வைத்து அழுத்து என்றேன். அவன் பயந்துபோய், வேணாம் மாமா, அப்புறம் என்னையும் விரட்டுவீங்க என்றான். அழுத்துடா என்றேன். அழுத்தினான். அவன் கை உன் கை மாதிரியேதான், விரல்தான் குட்டை. ஐந்து மாதத்தில் டாக்டர் தவிர வேறு ஒரு மனுஷக் கை அந்த இடத்தில் நான் தட்டிவிடாமல் இருந்தது அன்றைக்குத்தான். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டேன். அவனும் சுவரில் இல்லாத எதையோ உற்றுப் பார்த்தான்.

எப்போது சரியாகும் என்றும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சில மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், குறையும், முழுசாகப் போய்விடும் என்று எழுதித் தர முடியாது என்றார். அதனால் நீ வந்தால் பழைய ஆளைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி உன்னைக் கூப்பிட மாட்டேன். இப்போதிருக்கிறவன் பாதிப் பேச்சில் எழுந்துபோய் வீட்டைச் சுற்றுவான். ஜன்னல் வைத்த பனியனோடு வாசலுக்கு வருவான். சில நாள் அழுத்திப் பிடித்தாலும் தாங்காது. அந்த நாளில் கையைத் தட்டிவிட மாட்டேன், இன்னைக்கு வேண்டாம் என்று வாயால் சொல்வேன். சொன்ன பிறகும் நீ அறையைவிட்டுப் போய்விடாதே. பக்கத்திலேயே இரு.

வருகிற நாளை உன் தம்பியிடம் சொன்னால் போதும், பஸ் வரும் இடத்தில் வந்து நிற்கிறேன். ஒரு விஷயம் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நீ என் இடது பக்கம்தான் நடப்பாய். அக்கி வந்த பிறகு வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டாய். நான் சொல்லவில்லை, நீயாக மாறினாய். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நடந்தேன். இந்தத் தடவை பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நீ இடது பக்கமே வா.

உன் வரவுக்கு நாள் பார்த்திருக்கும்
உன் வீட்டுக்காரன்