தொண்ணூற்றாறாம் வருஷத்து சைட் கவர்

புந்தோங், ஈப்போ
மே 11

அன்புள்ள மச்சான் கால்வினுக்கு,

அத்தான் லூர்துசாமி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் அக்காவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வரியாவது எழுதி வைத்திருப்பாய் என்று மோட்டார் சைக்கிள் கவரைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சிங்கப்பூர் முகவரிதான் இரண்டு வருஷத்தில் உன்னைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே செய்தி. கைபேசி எண்ணை மாற்றிவிட்டாய். குடும்ப வாட்ஸ்அப்பிலிருந்தும் போய்விட்டாய். அதனால் இந்த வயதில் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று தபால்தலை வாங்கியிருக்கிறேன். அக்காவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். உன் பெயரை இன்னமும் அவள் வாயில் எடுப்பதில்லை.

வண்டிக்கு சைட் கவர் இல்லை என்று உனக்கு யார் சொன்னது? பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து போன மாதம் சிங்கப்பூர் எல்லையில் ஜொகூர் வரை போயிருந்தான், அவன்தான் உன்னைப் பார்த்து உளறியிருப்பான். உண்மைதான். முன் ஃபோர்க்கை நிமிர்த்தி, எஞ்சினைப் பார்த்து எல்லாம் செய்தாயிற்று. சீட்டுக்குக் கீழே சட்டத்தை மூடும் கவர் இரண்டும் இல்லாமல் இடுப்பெலும்பு தெரிய மெக்கானிக் ராமையாவின் பெங்கெல் பட்டறையில் கன்வாஸ் மூடி நின்றுகொண்டிருந்தது. கம்பெனியின் அசல் கவர், அதுவும் புதுசு, இந்தக் காலத்தில் எங்கே தேடிப் பிடித்தாயோ தெரியவில்லை.

ஆனால் மச்சான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ வாங்கியது தொண்ணூற்றாறாம் வருஷத்து மாடல். வண்டியின் பதிவுப் பத்திரத்தில், அந்தக் கிராண்டில், பதிவு வருஷம் தொண்ணூற்றாறு என்று இருப்பதைப் பார்த்துதானே வாங்கினாய்? அது ஜப்பானில் ஓடிய பழைய வண்டி மலேசியாவுக்கு ரீகண்டிஷனாக வந்து, இங்கே நம்பர் போட்ட வருஷம். ஜப்பானில் அது செய்யப்பட்டது தொண்ணூற்றொன்றில். இந்த ஊரில் ரீகண்டிஷன் வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் விழும் குழி இது. நானும் ஒருமுறை பிரேக் பேட் வாங்கி விழுந்திருக்கிறேன்.

கவரில் மேலே பெட்ரோல் டாங்கி ஓரத்தில் வரும் இரண்டு முளையும் பழைய ரப்பர் வளையத்தில் சரியாகப் போய் உட்காருகின்றன. கீழ் முளைதான் தகராறு. புது மாடலில் அது ஒன்றரை அங்குலம் முன்னால் தள்ளி இருக்கிறது. நம் வண்டிச் சட்டத்தில் அந்த இடத்தில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. கவரைப் பொருத்தினால் பார்க்க அழகாக இருக்கிறது. கையால் தட்டினால் கீழ்ப்பக்கம் ஆடுகிறது.

ராமையா வந்து பார்த்துவிட்டு, "என்னாண்ணே இதுக்குப் போயி மண்டைய ஒடைச்சிக்கிறீங்க, கேபிள் டை போட்டு உள்ள இழுத்துக் கட்டிட்டா போதும்லா, வெளிய யாருக்குத் தெரியப் போவுது" என்றான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்துவிட்டேன். பாவம், இருபது வருஷப் பழக்கம். பிறகு கோப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

கட்டு எதுவும் போடப் போவதில்லை. பட்டை இரும்பில் ஒரு பிடிப்பு வளைத்து, பேட்டரித் தட்டின் போல்ட்டில் மாட்டி, அதில் துளை போட்டு ரப்பர் வளையம் வைத்தால் முளை அதில் உட்காரும். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. சிம்பாங் பூலாய் கல்லுடைப்பு ஆலையில் வேலை முடிந்து வந்து செய்வதால் மெதுவாகத்தான் நடக்கிறது. அங்கே ஆள் குறைத்துவிட்டார்கள், இரண்டு பேர் வேலையை ஒருவன் செய்கிறேன். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசி, குளித்தாலும் போவதில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ரொம்ப அலுப்பாக இருக்கிறது மச்சான்.

அக்கா பெட்டியைப் பார்த்துவிட்டு, ஏது என்று கேட்டாள். நான் கடையில் சொல்லி வரவழைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கவரைத் தடவிப் பார்த்தாள். இன்னும் அந்த வண்டி எதற்கு, விற்றுத் தொலையுங்கள் என்றாள். இடுப்பில் வைத்த தகடு மழைக் காலத்தில் வலிக்கிறது அவளுக்கு. பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டாள், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. மற்றபடி சமையல், ஞாயிற்றுக்கிழமை பூசை என்று நாள் போகிறது.

முடிந்தால் பதில் எழுது. உன் எண்ணை எழுதி அனுப்பினால் நல்லது. ஆண்டவர் உனக்குக் காவலாக இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அத்தான்
லூர்துசாமி

*

புந்தோங், ஈப்போ
ஜூன் 12

அன்புள்ள கால்வினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலே வரி. வருஷத்தைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டேன், மன்னியுங்கள் அத்தான் என்று எழுதியிருக்கிறாய். நான் எதைத் தொட்டாலும் தப்பாகத்தான் முடிகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் அனுப்பியது என்று அக்காவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவள் அந்த வண்டியைத் தொடக்கூட மாட்டாள் என்று எழுதியிருக்கிறாய். எண் எழுதவில்லை.

அந்த நாலு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போய் வந்தேன். இதற்கு மேல் என்னால் முடியாது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அன்று வண்டி விழுந்ததற்குக் காரணம் நீ இல்லை. நான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஜூலையில், புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்கு நேர்த்திக்கடன் இருந்தது, அதனால் நீ அவளை ஏற்றிக்கொண்டு போனாய். பழைய வலப்பக்கக் கவரில் மூன்று முளையில் இரண்டு எப்போதோ உடைந்திருந்தன. புதுசு வாங்குங்கள் என்று உன் அக்கா எல்ஸி பல தடவை சொல்லிவிட்டாள். நானும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள், டயர் டியூபில் ஒரு பட்டை வெட்டி, வெளியே தெரியாதபடி உள்பக்கமாகக் கவரை இழுத்துக் கட்டினேன். அதற்குப் பக்கத்திலேயே எஞ்சின் சூடு அடிக்கிறது, ரப்பர் தாங்காது என்று முப்பது வருஷம் இரும்போடு புழங்குகிற எனக்குத் தெரியும். போய் வருகிறவரை தாங்கும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

திரும்பி வரும்போது சுங்கை சிப்புட்டைத் தாண்டியதும் பட்டை அறுந்திருக்கிறது. கவர் காற்றில் பிரிந்து அக்காவின் காலில் அடித்திருக்கிறது. அவள் பயந்து ஒரு பக்கமாகத் துள்ளியிருக்கிறாள். அந்தக் கனத்த வண்டியில் பின்னால் இருப்பவர் துள்ளினால் யார் ஓட்டினாலும் நிறுத்தியிருக்க முடியாது. காலில் ஏதோ அடித்தது என்று அவள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். விழும்போது பட்டிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். மறுநாள் போலீஸ் பலாயில் வண்டியைப் பார்க்கப் போனேன். அறுந்த ரப்பர் பட்டை சட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன், பேனாக்கத்தியை எடுத்து அதை வெட்டினேன், பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போகும் வழியில் ஆற்றில் எறிந்தேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். எப்படி விழுந்தோம் என்று எல்ஸி கேட்டாள். அவன் வேகமாக ஓட்டிவிட்டான் என்று என் வாயால் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தாய் என்று உனக்கே சந்தேகம் வருகிறவரை சொன்னேன். ஒரு நாள் கழித்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு அவளுக்கு அறுவைச் சிகிச்சை. அது முடியட்டும் என்றிருந்தேன். அதற்குள் நீ சிங்கப்பூர் போய்விட்டாய். நீ போனதும், வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நீ கவர் அனுப்பாமல் இருந்திருந்தால் இப்படியே செத்தும் போயிருப்பேன். அதைப் பொருத்த உட்கார்ந்தபோதுதான், கீழ்ப்பக்கம் ஆடுகிறது, கட்டிவிடு என்று ராமையா சொன்னபோதுதான், ஸ்பேனரை எறிந்தேன். இப்போது இரண்டு பிடிப்பும் போட்டாயிற்று. கவர் இம்மி ஆடவில்லை. எட்டு நாள் வேலை, அவ்வளவுதான். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதும் இதே வேலைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்ஸியிடம் சொன்னேன். அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை உரித்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கால்வினுக்கு இது தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்றேன். கையைக் கழுவினாள். அறைக்குள் போய்ப் பையில் நாலு துணியை எடுத்து வைத்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பையையும் தரவில்லை. அவள் அந்தக் காலை இழுத்து இழுத்துப் பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். கிட்டே போகத் தைரியம் இல்லை.

பஸ் வந்தபோது திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில என் கட்டுப்போட்ட கால தொட்டு அவன் மன்னிப்புக் கேட்டான். நான் மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க." அவ்வளவுதான் சொன்னாள். ஏறிப் போய்விட்டாள்.

இப்போது சுங்கை சிப்புட்டில் உங்கள் பெரியம்மா மகள் பெர்னடெட் வீட்டில் இருக்கிறாள். போனில் நான் கூப்பிட்டால் பெர்னடெட்தான் எடுக்கிறாள். அக்கா சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். ஏதோ சாப்பிடுகிறாள் என்றாள். நாள் முழுவதும் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். பத்து வயதில் அம்மா இல்லாமல் என்னிடம் வந்த பிள்ளை, இரண்டு வருஷம் அவன் எங்கே படுத்தான், எங்கே எழுந்தான் என்றுகூட நான் கேட்கவில்லையே என்று. உன்னைக் கூப்பிடலாம் என்றால் எண் இல்லை. இருந்தாலும் எந்த முகத்தோடு அவனைக் கூப்பிடுவேன் என்கிறாளாம்.

கால்வின், அவளுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. உனக்கும் இல்லை. அவள் பேச மாட்டாள் என்று நீ அங்கே இருக்கிறாய், நீ பேச மாட்டாய் என்று அவள் இங்கே இருக்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது என் பொய் ஒன்றுதான். பெர்னடெட்டின் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். இதைப் படித்த கையோடு கூப்பிடு. வேலையில் இருந்தால் வெளியே வந்து கூப்பிடு. நாளைக்கு என்று தள்ளாதே, நான் தள்ளியது போதும்.

லீவு கிடைத்தால் வா. வந்தால் நேராகச் சுங்கை சிப்புட் போ. இந்த வீட்டுக்கு வர உனக்குப் பிடிக்காவிட்டால் வர வேண்டாம். அவளை உன்னோடு கொஞ்ச நாள் சிங்கப்பூர் அழைத்துப் போக நினைத்தால் அழைத்துப் போ, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். இங்கே வருகிறேன் என்று அவளே சொன்னால் மட்டும் அழைத்து வா. நான் கூப்பிட்டு அவள் வர மாட்டாள். எனக்காக அவளிடம் நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அந்தத் தகுதி எனக்கு இல்லை. பஸ்ஸில் ஏறும்போது அவளுக்கு இடது பக்கமாக நின்று பிடித்துக்கொள். வலித்தாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள்.

அன்னம்மாள் உங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். போன கடிதத்தில் உன் அத்தான் என்று கூசாமல் கையெழுத்துப் போட்டேன். இதில் போட மனம் வரவில்லை. என்றைக்காவது நீயே அப்படிக் கூப்பிட்டால் போட்டுக்கொள்கிறேன்.

லூர்துசாமி