உம்மாவின் காலும் ஆரோக்கியமேரி டாக்டரும்

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பர்ஹானாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் டொராண்டோ குளிரில் சுகமாக இருக்க அல்லாஹ் துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இன்றுதான் எனக்குக் கை வந்தது. போன மாதம் நீ போன் செய்தபோதெல்லாம் உம்மா தூங்குகிறாள், தொழுகிறாள் என்று சொன்னேனே, அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் மகளே. பிள்ளை அவ்வளவு தூரத்தில் தவித்துப் போகும், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். இப்போது நல்லபடியாக வீடு வந்துவிட்டாள், அதனால் பயப்படாமல் படி. போனில் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் உடையும், அதனால்தான் கடிதம்.

உன் மாமா மகன் நியாஸ் கல்யாணத்துக்கு எடுத்த புதுச் செருப்பு கடித்ததில்தான் ஆரம்பம். சர்க்கரையால் அவளுக்குக் காலில் உணர்வு இல்லை, நாங்கள் பார்ப்பதற்குள் இரண்டு விரல் கறுத்துவிட்டது. ஸ்டேஷன் ரோட்டு ஆரோக்கியமேரி டாக்டரிடம் கூட்டிப் போனேன். உனக்குத் தெரிந்தவர்தான், சிப்காட்டில் ஷிப்ட் விட்டதும் இரும்பு கிழித்தவன், கண்ணில் பொறி பட்டவன் எல்லோரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள், அவரும் திட்டிக்கொண்டே தையல் போடுவார். காலைப் பார்த்தவர் அன்றைக்குத் திட்டவில்லை, அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. இந்த இரண்டு விரலை இன்றைக்கே எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் முட்டி வரை போகும் என்றார். உம்மா எழுந்துவிட்டாள். "முழுசா பொறந்தேன், முழுசாவே மண்ணுக்குப் போறேன். கத்தி வெக்க வேணாம்" என்று சொல்லி, நான் கெஞ்சியும் கேட்காமல் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிப்பட்டுக்காரர், வரதன் என்று பெயர், நெல் வியாபாரம். உம்மா அழுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பேண்ட்டைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். "இத்த எடுத்ததே உள்ள இருக்கிற டாக்டரம்மாதான்கா. கார்கில் சண்டைல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தரும் நம் டாக்டருக்கும் கார்கிலுக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு வரதன் சொன்னதைக் கேட்டு மலைத்துப் போனேன். ஆரம்பாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் வீட்டுப் பெண் நம் டாக்டர். டாக்டருக்குப் படித்து ராணுவத்தில் சேர்ந்து, சண்டை வந்தபோது மலையடிவாரத்தில் கூடாரம் அடித்த ஆஸ்பத்திரியில் கேப்டனாக இருந்திருக்கிறார். வரதன் அங்கே சிப்பாய். குண்டு பட்டு ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தவரைத் தூக்கி வந்தபோது கால் செத்துப் போயிருந்தது, மேகம் மூடி ஹெலிகாப்டரும் வரவில்லை. பெரிய சர்ஜன் அப்போது இன்னொரு சிப்பாயின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். தனியாக ஒரு காலை எடுத்தே பழக்கமில்லாத இந்தப் பெண்தான் எடுத்தாக வேண்டும். அவர் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் வரதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நம்ம பக்கத்து ஆளுதானே நீங்க, வுட்ருங்க, நான் ஊருக்குப் போயி ஏர் ஓட்டணும்னு கெஞ்சினேன் பாய். அவங்க கண்ல தண்ணி. ஆனா வுடல." கூட இருந்தவர்கள் பின்னால் வரதனிடம் சொன்னார்களாம், ஆபரேஷன் பாதியில் பக்கத்திலேயே பீரங்கி ஷெல் விழுந்து விளக்கு அணைந்து கூடாரத் துணி கிழிந்திருக்கிறது. மற்றவர்கள் தரையில் படுத்தபோது அந்தப் பெண் இவர்மேல் குனிந்து மறைத்தபடி, ரத்தக் குழாயை அழுத்திய விரலை எடுக்காமல் நின்றிருக்கிறார். அந்தக் காட்சியை நினைத்தால் இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நினைவு வந்ததும் வரதன் அவரைக் கண்டபடி ஏசியிருக்கிறார். "சாவ வுட்டிருக்கலாமேன்னு கேட்டேன். என் ரத்தம் பட்ட சட்டையோட நின்னுகினு எல்லாத்தையும் கேட்டுகினாங்க." ஊருக்குத் திரும்பியும் அந்த வெறுப்பு போகவில்லையாம். மகள் பூமிகா பிறந்து அவளைக் கையில் வாங்கிய அன்றுதான், அந்தம்மா அன்றைக்கு இரக்கப்பட்டு விட்டிருந்தால் இவள் ஏது என்று உறைத்ததாம். விசாரித்து விசாரித்து, ராணுவத்தை விட்டு வந்து இங்கே கிளினிக் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டிருக்கிறார். டாக்டர் அன்றைக்கு மற்ற நோயாளிகளை உட்காரவைத்துவிட்டு அழுதாராம். அதிலிருந்து நெல் வியாபாரமாக இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவரைப் பார்க்காமல் போவதில்லையாம்.

உம்மா கையை நீட்டி அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குமா தம்பி?" என்று கேட்டாள். "வலிக்கும்கா. ஆனா நடக்கலாம்" என்றார் அவர். அவளாகவே எழுந்து உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டாக்டரே ஆபரேஷன் செய்தார்; அதற்கு முன் அவர் வராந்தாவில் கண்ணை மூடி நின்றதைப் பார்த்தேன். இவ்வளவு பார்த்தவருக்கும் பயமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பயம் இல்லாம ஒரு நாளும் கத்தி எடுத்ததில்ல பாய். அன்னிக்கும் பயந்துகினேதான் நின்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரை எழுந்து நின்று அனுப்பினேன் மகளே, எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

இரண்டு விரல் போயிற்று, பாதம் தப்பியது, புண்ணும் ஆறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். வரதன் பூமிகாவோடு ஒரு நாள் வந்து உம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார், அவர் கொண்டுவந்த அரிசியில்தான் அன்றைக்குப் பிரியாணி.

நீ மறக்காமல் சர்க்கரை பரிசோதனை எடு, இது நம் குடும்பத்தில் வருவது. குளிரில் ஈர சாக்ஸோடு இருக்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். உன் துவாவில் ஆரோக்கியமேரி டாக்டர் பெயரையும் சேர்த்துக்கொள். உம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிற சத்தம் கேட்கிறது, ஒரு கால் கொஞ்சம் இழுத்து, ஒரு கால் அழுத்தி. அதைக் கேட்டுக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன்.

உன் வாப்பா,
கிஃபாயத்துல்லா