இருவருக்கும் பகல் ஷிப்ட்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

காலையில் பாட்டில் ஆலை வாசலில் இவரைப் பார்த்தேன். இரவு ஷிப்ட் முடிந்து அவர் வெளியே வந்தார், பகல் ஷிப்டுக்கு நான் உள்ளே போனேன். வழக்கம்போல வீட்டுச் சாவி கை மாறியது. "பால் பொங்கிடுச்சு, அடுப்பைத் துடைக்கல" என்றேன். "சரி" என்றார். பதினேழு வருடமாக எங்கள் குடித்தனம் நடப்பது இந்த வாசலில்தான். மகள் சின்னவளாக இருந்தபோது, வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் சண்டையே போடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் மெச்சிக்கொள்கிறார்கள். சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாமா?

மார்ச் 6, வியாழன்

இரண்டு உலைகளில் ஒன்றை அணைக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகள் பிளாஸ்டிக் பக்கம் போய்விட்டன, கண்ணாடி பாட்டில் பாதிதான் வேண்டுமாம். திங்கள் முதல் இரவு ஷிப்ட் கிடையாது. இரவு ஆட்களில் சிலரைப் பகலுக்கு எடுத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறார்கள்.

மேனேஜர் என்னைத் தனியாக நிறுத்தினார். "உங்க வீட்டுக்காரருக்கு இடம் போட்டாச்சு மேடம். உங்க லைன்லயே. மூணு மாசம் பார்ப்போம், சரியா வந்தா வச்சுக்குவோம்."

நன்றி சொன்னேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. கட்டிய புருஷன், நான் மேற்பார்வை பார்க்கும் லைனில், எனக்குக் கீழே வேலை பார்க்கப்போகிறார். சரியாக வருகிறாரா என்று பார்க்க வேண்டியவளும் நான்தான்.

மார்ச் 10, திங்கள்

அவரோடு இரவு ஆட்கள் இன்னும் இருவர் என் லைனுக்கு வந்தார்கள். வேலை ஒன்றுதான்: வெளிச்சத் திரைக்கு முன்னால் பாட்டிலைச் சுழற்றிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒரு தட்டு, நல்லதானால் மறு தட்டு. ஆனால் தட்டு மாறும். இரவில் விரிசல் விட்டதை இடது தட்டில் வைப்பார்கள், பகலில் வலது தட்டில். யார் அப்படி ஆரம்பித்தார்களோ தெரியாது. ஷிப்ட் மாறும்போது தட்டுகளைக் காலி செய்துவிடுவதால் இத்தனை காலம் யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை.

அந்த இருவருக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அவருடைய மூன்றாம் மேஜைக்கு வந்தபோது லைனே எங்களைப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் இவருக்கு இடது எது வலது எது என்று பாடம் நடத்துவதா? பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று தாண்டிப் போய்விட்டேன்.

எல்லாரும் என்னை மேடம் என்பார்கள். அவருக்கு அது வாயில் வரவில்லை. வீட்டில் மாதிரி "இந்தா" என்றும் கூப்பிட முடியாது. ஏதாவது வேண்டுமானால் இருமுகிறார். முதல் மேஜைக்காரி — வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர் — சும்மா இருப்பாளா? "மேடம், சாருக்கு உங்களைக் கண்டாலே இருமல் வருது. நல்ல டாக்டரா காட்டுங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், முகம் சிரிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. என் சிபாரிசில்தான் அவருக்கு இடம் கிடைத்தது என்று கேன்டீனில் பேச்சு. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

அவர் டீயில் சர்க்கரை போடுவதில்லையாம். எப்போதிலிருந்து?

மார்ச் 19, புதன்

ராத்திரி தூக்கம் வராமல் அவர் புரள்வதில் எனக்கும் தூக்கம் போகிறது. மதியம் சாப்பிட்ட பிறகு மேஜையில் அவர் கண் சொருகுகிறது. மற்ற இருவருக்கும் அதே கதைதான். அவர்களிடம் தினமும் மதியம் போய், "பகல் தட்டு, ஞாபகம் இருக்கட்டும்" என்று தட்டி எழுப்பிவிட்டு வருகிறேன்.

இவரிடம் போவதில்லை.

மார்ச் 24, திங்கள்

மருந்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பெட்டிகள் திரும்பி வந்திருக்கின்றன. உள்ளே விரிசல் விட்ட பாட்டில்கள். ஒன்று இரண்டு என்றால் கண் தவறியது எனலாம். இது அப்படியில்லை. நல்லவேளை, மருந்து ஊற்றுமுன் பார்த்துவிட்டார்கள். ஊற்றி, அதைக் குழந்தைக்குக் கொடுத்து...

மேனேஜர் கத்தவில்லை. "எந்த மேஜைன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க மேடம். அந்த ஆள் இங்க வேண்டாம்."

மார்ச் 25, செவ்வாய்

மதியம் ஒவ்வொரு மேஜைக்கும் பின்னால் நின்றேன்.

மூன்றாம் மேஜை. அவர் கண் தவறவே இல்லை. முடி அளவு விரிசலையும் பிடிக்கிறார். பிடித்து — இடது தட்டில் வைக்கிறார். காலையில் விழிப்பாக இருக்கும்போது சரியாகத்தான் வைத்தார். தூக்கம் கண்ணைச் சுற்றியதும் கை தன் பழைய வழிக்குப் போய்விட்டது. நல்ல பாட்டிலெல்லாம் உடைப்புக்கு, உடைந்ததெல்லாம் பெட்டிக்கு.

பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது தட்டுகளை நானே மாற்றி வைத்தேன், திருடி மாதிரி.

மார்ச் 26, புதன்

பார்த்ததையும் மேனேஜர் கேட்டதையும் வீட்டில் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் தினம் சொல்ற. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"அத்தனை பேர் முன்னாடி உங்களுக்கு எப்படிங்க—"

"நான் என்ன அங்க விருந்தாளியா? வேலைக்கு வந்தவன்தானே? மத்தவன் தப்பு பண்ணா வந்து நிக்கிற. நான் தப்பு பண்ணா பேசாம தாண்டிப் போற. அதான் மரியாதையா?"

எனக்கும் கோபம் வந்தது. "நீங்க கேட்டிருக்கலாமே? இருமத் தெரியுது, கேட்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்? அவர் சொன்னது அத்தனையும் சரி, அதனால்தான் கத்தினேன். வேற எதுக்கு?

கடைசியில் அவர் குரல் இறங்கியது. "எம் பேரையே சொல்லிடு. குளிர்பதனக் கிடங்குல ராத்திரி காவலுக்கு ஆள் கேட்டாங்க. நான் அங்க போயிடறேன். பழையபடி இருந்துக்கலாம்."

மகளிடம் போனில் சொன்னேன். "நல்லதுதானேம்மா, ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றாள்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஒளிப்பானேன்? கொஞ்ச நேரம் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பிறகு யோசித்துப் பார்த்தேன்: மறுபடி சாவி கை மாறும், "அடுப்பைத் துடைக்கல", "சரி". அப்படியே வயசாகிவிடும். இந்த மனுஷன் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இன்றைக்குத்தான். எனக்கு அது வலித்தது. ஆனால் எனக்கு அது வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

மேனேஜரிடம் போனேன். "மூணாம் மேஜை சார். ஆனா தப்பு அவருது இல்ல. ராத்திரி ஆட்களுக்குத் தட்டு மாத்திச் சொல்லித்தர வேண்டியது என் வேலை. ரெண்டு பேருக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரர்ங்கறதால அவருக்கு மட்டும் சொல்லல."

"வீட்டுக்காரரைக் காப்பாத்துறீங்க."

"அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார். மேடம் தினமும் சொல்வார்கள் என்று இருவரும் சொன்னார்கள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ மேற்பார்வையிலதான் கோளாறு. இனிமே உங்களை அந்த இடத்துல வைக்க முடியாது. புரியுதா?"

புரிகிறது என்றேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது, ஆனால் தலைப்பாகை என்னுடையது. கழிவறையில் போய் அழுதேன். அந்த இடத்துக்கு வர நான் என்ன பாடுபட்டிருக்கிறேன்.

வீட்டில் அவர், "என்னைக் கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

அவர் கிடங்குக்காரருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார்.

மார்ச் 31, திங்கள்

இன்று முதல் ரேடியோ மேற்பார்வை. என் முகத்தைப் பார்க்க அவளுக்கே கூச்சம், வாயே திறக்கவில்லை. முதல் காரியமாக இரவு ஆட்களின் மேஜைகளில் வலது தட்டுக்குச் சிவப்பு நாடா ஒட்டினாள். எனக்குத் தோன்றவில்லையே. எனக்கு நாலாம் மேஜை. சம்பளமும் குறையும்.

ஏப்ரல் 3, வியாழன்

முதுகு வலி. கண் எரிகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ வருடமாயிற்று. கை வேகம் போய்விட்டது. வரிசை நகர நகரப் பதற்றம்.

பதினொரு மணி இருக்கும். பக்கத்து மேஜையிலிருந்து அவர் எட்டி, என் நல்ல தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு லைன் முழுக்கக் கேட்கும் குரலில், "இந்தா, இதைப் பாரு. கழுத்துக்குக் கீழ விரிசல். கவனமா பாரு" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். ரேடியோ நின்றுவிட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். விரிசல்தான். "சரிங்க" என்று சொல்லி வலது தட்டில் வைத்தேன். அவர் அடுத்த பாட்டிலை எடுத்தார், நானும் எடுத்தேன்.