நின்ற பிறகு ஏறும் சூடு

ஜனவரி 15, வியாழன்

இரண்டாவது இஞ்சினும் போய்விட்டது. சோதனையில் முந்நூறு மணி நேரம் தாங்க வேண்டியது, இருநூற்றுப் பதினொன்றில் டர்போ கீச்சென்று கத்தி இறுகிக்கொண்டது. முதலாவது இருநூற்று நான்கில்.

சோதனை அறை மெக்கானிக் ஒபாத்தா அக்கா காதடைப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தமாகி, ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டு செத்த மாதிரி இருக்கு."

658 சிசி, மூன்று சிலிண்டர், அறுபத்து நான்கு குதிரைத்திறன். இந்த நாட்டில் சின்னக் காருக்கு அதற்கு மேல் யாரும் கொடுப்பதில்லை. மூன்று வருடமாக இதோடுதான் வாழ்கிறேன். காகிதத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

ஜனவரி 16

பிரித்துப் பார்த்தோம். டர்போவின் தண்டு நீலம் பாரித்துக் கிடந்தது. எண்ணெய் கிடைக்காமல் வெந்திருக்கிறது. ஆனால் இஞ்சினில் எண்ணெய் குறையவே இல்லை. பிறகு எங்கே போனது?

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயை அக்கா வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. அறுத்தால் உள்ளே தார் மாதிரிக் கரி. முதல் இஞ்சினின் குழாயையும் அறுத்தோம். அதே கரி, அதே வளைவில். சூடான புகைக்குழாயை ஒட்டித் திரும்புகிற வளைவு அது.

"அடைப்பு" என்றார் அக்கா, உதட்டைத் துடைத்தபடி. "என் மாமனாருக்கு வந்த மாதிரியே."

ஜனவரி 17

அந்தக் குழாயின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கீழே வரைந்தவர் பெயர் ஷுன்யா. என் கணவன்.

ஜனவரி 18, ஞாயிறு

மதியம் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கலாம்.

"பழைய மாடல் இஞ்சின்லயும் குழாய் அந்தப் பக்கமாத்தானே போச்சு?" என்றான்.

"பழசுல இடம் விட்டுப் போச்சு. நீ பதினஞ்சு மில்லிமீட்டர் கிட்டக் கொண்டு வந்துட்ட."

"பானட் தாழ்வா வேணும்னு நானா கேட்டேன்? சரி, நீயே சொல்லு. எண்ணெய் ஓடிக்கிட்டே இருக்குற குழாய் எப்படிக் கருகும்? ஓடுற எண்ணெயே சூட்டை எடுத்துட்டுப் போயிடாதா?"

கேள்வி சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல். அவன் பாத்திரங்களை ஒவ்வொன்றாக, சத்தம் வரும்படி கழுவினான். சட்டியில் முட்டைக்கோஸ் அப்படியே கிடந்தது.

ஜனவரி 19

ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது விடை வந்தது. ஓடும்போது கருகாது, சரி. நின்ற பிறகு? சோதனையில் மணிக்கு ஒரு முறை முழு வேகத்திலிருந்து சட்டென்று நிறுத்துகிறோமே! எண்ணெய் அங்கேயே தேங்கி நிற்கும், புகைக்குழாயோ இன்னும் செக்கச்செவேல் என்று இருக்கும் — இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

ஜனவரி 21

கூட்டம். பிரிவுத் தலைவர் கஜிதானி முடிவோடுதான் வந்திருந்தார். "டர்போ அழுத்தத்தைக் குறைச்சிடலாம். அம்பத்தாறு குதிரைத்திறன் வரும். சின்னக் கார்தானே, யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். நாலு பேரோடு மேட்டில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். எழுந்து நின்று குழாயைப் பற்றிச் சொன்னேன்.

"தமாகி சான், வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராதீங்க" என்றார். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. ஷுன்யா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. எனக்கும் முகம் கொதித்தது — ஆனாலும் உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்க. அளந்து காட்டறேன்."

"காட்டலன்னா அம்பத்தாறு" என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

வளைவில் வெப்பமானிக் கம்பியைக் கட்டினோம். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியபோது 128 டிகிரி. "பரவாயில்லையே" என்றார் கஜிதானி. இஞ்சினை நிறுத்தினோம்.

128. 150. 190. நாலாவது நிமிடம் 260. ஆறாவது நிமிடம் 318. எண்ணெய் கரியாகிற சூடு.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. ஷுன்யா. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றிவிட்டு, கஜிதானியைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தான்.

"குழாய் என்னுது. தப்பும் என்னுது. புதுசா வரைஞ்சு தர்றேன். குதிரைத்திறனைக் குறைக்காதீங்க."

ஜெயித்தது நான். ஆனால் நெஞ்சு விம்மியது அவனைப் பார்த்து.

ஜனவரி 30

புதுக்குழாய் வந்தது. புகைக்குழாயின் பக்கமே போகாமல், குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பக்கமாகச் சுற்றிப் போகிறது. நடுவில் ஒரு தகடு மறைப்பு. நின்ற ஆறாவது நிமிடத்தில் 161 டிகிரி. அக்கா அதைக் குழந்தையைப் போல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 3

மூன்றாவது இஞ்சின் தொடங்கியது. பேய் விரட்டும் நாள் வேறு. சோதனை அறை வாசலில் நின்று அக்கா வறுத்த சோயா பயறை வீசினார். "பேய் வெளிய! நல்லது உள்ள!" ஒன்று கஜிதானியின் கண்ணாடியில் பட்டது. "அது சரியாத்தான் போச்சு" என்று என் காதில் சொன்னார்.

பிப்ரவரி 14

இன்று 204 மணி நேரத்தைக் கடந்தது. சாக்லேட் கொடுத்தேன். ஷுன்யா வாயில் போடவே மறந்து, கையிலேயே உருக விட்டான்.

பிப்ரவரி 15

212.

பிப்ரவரி 20

முந்நூறு! நிறுத்தும் பொத்தானை அழுத்த அக்கா என்னை விடவில்லை. "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்குடி நிறுத்தறே?" கஜிதானி கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு, "இன்னொரு முந்நூறு ஓடட்டும்" என்றார்.

மார்ச் 10

அறுநூறு. பிரித்தோம். தண்டு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. தேய்மானம் மூன்று மைக்ரான். குழாயை அறுத்தால் உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம், அவ்வளவுதான். கடைசியாக அளந்த திறன் அறுபத்து நான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை.

கஜிதானி என் மேஜைக்கே வந்து குனிந்தார். "அன்னைக்குச் சிரிச்சது தப்பு." எல்லோர் முன்னாலும்! வீட்டுக்கு வந்து நானும் ஷுன்யாவும் விலாங்கு மீன் வறுவலோடு பீர் குடித்தோம். பாத்திரத்தை அவன்தான் கழுவினான், பாடிக்கொண்டே.

நவம்பர் 8, ஞாயிறு

ஆரஞ்சுத் தோட்டங்கள் வழியாக நடந்துபோனோம். செங்குத்தான சந்தில் எங்கள் இஞ்சின் வைத்த கார் ஒன்று ஏறி வந்தது. பின்னால் பழக்கூடைகள் கூரை வரை. இரண்டு பேரும் நின்றுவிட்டோம். மூச்சுத் திணறல் இல்லை, கீச்சில்லை. மேட்டின் உச்சியில் நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். நான் மனதுக்குள் ஆறு நிமிடத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"வண்டி எப்படிங்க இருக்கு?" என்று ஷுன்யா கேட்டான்.

அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "எப்படின்னா? சாவியப் போட்டா போகுது. அதுல சொல்றதுக்கு என்னங்க இருக்கு?"

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் பயந்துபோய் ஆளுக்கொரு பழத்தைக் கையில் திணித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நல்ல இனிப்பு.