படர்

மார்ச் 3
அகராதி வேலை ‘படர்’ வரை வந்துவிட்டது. கொடி படர்கிறது, பனி படர்கிறது, அதெல்லாம் சுலபம். ஆனால் பழைய நூல்களில் இதே சொல்லுக்குச் செல்லுதல், நினைத்தல், துன்பம் என்றும் பொருள் இருக்கிறதே! பரவுவதற்கும் நினைப்பதற்கும் துன்பத்துக்கும் ஒரே சொல்லா? யோசிக்க யோசிக்கக் கழுத்து அரிக்கிறது. பதிப்பாசிரியரின் பூனைக்குட்டி வேறு, என் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 5
ராத்திரி வீட்டில் என் கணவர் பின்கழுத்தைப் பார்த்துவிட்டு, “இது படர்தாமரை” என்றார்.
“அதுதாங்க எனக்கு அடுத்த சொல்லு!”
“முதல்ல டாக்டர்கிட்ட போ.”
போகலாம், இந்தப் பக்கம் முடியட்டும். வட்டமாக விரிவதால் தாமரையோ? எப்படியும், பெயர் வைத்த மனுஷன் அப்போது சொறிந்துகொண்டிருக்கவில்லை. நிச்சயம்.

மார்ச் 9
அவர் வயிற்றில். பெரிய வட்டம். ஒரே துண்டில் துடைத்துக்கொண்ட வினை. அவர் நீச்சல் பயிற்சியாளர். ஆறும்வரை குளத்துப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் பேசினார்: “சில பேரு டாக்டர்கிட்ட போன்னா கேக்கவே மாட்டாங்க.”
நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அவன், அவள், சில பேருன்னு சொல்றோமே, அதுக்கு இலக்கணத்துல படர்க்கைன்னு பேருங்க. அதுவும் ‘படர்’லேருந்து வந்ததுதான். நம்மளை விட்டுத் தள்ளிப் போனவங்க—”
கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 10
பேச்சில்லை.

மார்ச் 11
பதிப்பாசிரியர் முழங்கையைச் சொறிகிறார். ஐயோ, இவருக்குமா? மூட்டைப்பூச்சி என்று நாற்காலி மெத்தைகளை எல்லாம் வெளியே வீசச் சொல்லிவிட்டார். வெறும் பலகையில் உட்கார்ந்து ‘துன்பம்’ என்ற பொருளுக்கு விளக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது.

மார்ச் 12
ஒருவழியாக நானும் கணவரும் டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் ஆளுக்கொரு மூலை. நான் சொல்லுக்கு வேர் தேடுவதுபோலவே டாக்டரும் தேடினார். முதலில் யாருக்கு? அதற்கு முன்னால் எங்கே?
“பூனைகிட்டேருந்தும் இது ஒட்டும். பூனை ஏதாவது தூக்குவீங்களா?”
பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “ஒரு பூனைக்குட்டிக்காகவா இத்தனை நாளா சுவரோட பேசிட்டிருந்தேன்?”
பதிப்பாசிரியருக்குப் போன் செய்து சொன்னேன்.  “குட்டியை எதுவும் சொல்லிடாதம்மா” என்றார்.

மார்ச் 17
நானும் வீட்டிலிருந்தே வேலை. என் கைக்கு எட்டாத இடத்தில் அவர்தான் களிம்பு போடுகிறார். போட்டுக்கொண்டே என் தாளைப் படித்தார். “பந்தல்ல கொடி படர்ந்ததுன்னுதான் எல்லாரும் எழுதுவாங்க. வேற எழுதேன்.” விடியுமுன் அவர் குளத்துக்கு, அவர் திரும்புவதற்குள் நான் ஆபீசுக்கு என்று ஓடிய இத்தனை வருஷத்தில், நான் எழுதியதை அவர் படித்தது இன்றுதான்.

மார்ச் 24
குளத்திலிருந்து போன். ஆறிவிட்டதா, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். வயிற்றில் தழும்புகூட இல்லை. காலையில் நானே பார்த்தேன்.
“இன்னும் ரெண்டு நாள் ஆகும்போலிருக்கே” என்றார், சட்டையைக் கீழே இழுத்துவிட்டபடி.
நான் போய்க் களிம்பை எடுத்து வந்தேன்.